இரண்டு டிராமும் நூறு மில்லிகிராமும்

1597-இல் லண்டனில் வெளிவந்த தம் மூலிகை நூலில் ஜான் ஜெரார்டு ஒரு மருந்து சொல்கிறார். ஃபீவர்ஃபியூ செடியை உலர்த்திப் பொடித்து, தேனிலோ இனிப்பு ஒயினிலோ குழைத்து இரண்டு டிராம் கொடுக்க வேண்டும். கரும்பித்தமும் கபமும் பேதியாகக் கழியும். தலைசுற்றலும் கிறுகிறுப்பும் உள்ளவர்களுக்கு நல்லது. அக்கால மருந்துக்கடைத் தராசின் இரண்டு டிராம், இன்றைய கணக்கில் ஏறத்தாழ 7.8 கிராம். இதே உலர் பொடியை ஒற்றைத் தலைவலி வராமல் தடுப்பதற்காகச் சாப்பிடுவோருக்கு ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழு ஏற்றிருக்கும் நாளளவு 100 மில்லிகிராம். ஒன்று மற்றதைப்போல் எழுபது மடங்குக்கும் மேல். இரண்டுமே ‘பாரம்பரியப் பயன்பாடு’ என்ற ஒரே தலைப்பில்தான் பேசப்படுகின்றன.

உலர்ந்த ஃபீவர்ஃபியூவைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி இந்த இடைவெளியைக் கண்டுகொள்வதில்லை. ஈராயிரம் ஆண்டுகளாகத் தலைவலிக்கு மருந்து என்று ஒரு வரி, நாளுக்கு இரண்டு கோப்பை தேநீர் என்று அடுத்த வரி. எந்த நோய்க்கு, செடியின் எந்தப் பகுதி, என்ன வடிவில், எவ்வளவு, எத்தனை நாள் என்ற கேள்விகளுக்குப் பழைய நூல்கள் ஒரு விடையும் நவீன ஆய்வுகள் வேறொரு விடையும் தருகின்றன. ஒன்றின் பெருமையை எடுத்து மற்றதன் பயன்பாட்டுக்குச் சான்றாக வைப்பது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். மூலிகைகள்மேல் அக்கறை உள்ளவர்கள்தான் இந்த வேறுபாட்டை முதலில் வலியுறுத்த வேண்டும்.

செடி பால்கன் பகுதி, ஆசியா மைனர், காக்கசஸ் மலைப்புறம் ஆகியவற்றைத் தாயகமாகக் கொண்டது. தாவரவியல் பெயர் டனாசெட்டம் பார்த்தீனியம். சூரியகாந்தியும் சாமந்தியும் சேர்ந்த குடும்பம். முழங்கால் உயரத்துக்கு வளரும். மஞ்சள் கலந்த பச்சையில், அகலமான மடல்களாகப் பிளந்த இலைகள். தட்டையான மஞ்சள் நடுவைச் சுற்றிக் குட்டையான வெள்ளை இதழ்கள். கசக்கினால் கற்பூரம் கலந்த கார நெடி வரும். நாக்கில் வைத்தால் கடும் கசப்பு. ஐரோப்பாவின் வீட்டுத் தோட்டங்களில் வளர்க்கப்பட்டு, அங்கிருந்து சுவரோரங்களுக்கும் தரிசுகளுக்கும் தானாகப் பரவியது. நம் மண்ணின் செடி அல்ல என்பதால் நம் வைத்திய மரபில் இதற்கென்று ஓர் அளவோ அனுபானமோ கிடையாது. இணையக் கடைகளில் உலர் இலையாகவும் குளிகையாகவும் வாங்கும் தமிழ் வாசகர், ஐரோப்பியரின் அனுபவத்தையும் ஆய்வையும் நம்பித்தான் வாங்குகிறார். அந்த அனுபவம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம்.

கி.பி. முதல் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் தென்பகுதியான சிலிசியாவில் பிறந்த கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ், ‘பார்த்தெனியான்’ என்றொரு செடியை விவரிக்கிறார். உலர்த்தியதைத் தேனும் காடியும் கலந்த பானத்திலோ உப்புடனோ கொடுத்தால் கபமும் கரும்பித்தமும் கழியும் என்கிறார். கருப்பை வீக்கத்துக்கு அதன் கஷாயத்தில் உட்கார வைக்கச் சொல்கிறார். அழற்சிக்கும் அக்கிக்கும் பற்றுப் போடச் சொல்கிறார். இன்று இந்தச் செடியின் அடையாளமாகிவிட்ட ஒற்றைத் தலைவலி அங்கே முதன்மையான நோயே அல்ல. டயாஸ்கோரிடிஸ் சொன்னது இதே செடிதானா, சீமைச்சாமந்தி வகைகளில் ஒன்றா என்பதிலும் அறிஞர்களிடையே கருத்தொற்றுமை இல்லை.

இதோடு ஒட்டிக்கொண்ட ஒரு கதையும் உண்டு. ஏதென்ஸின் பார்த்தெனான் கோயிலைக் கட்டும்போது மேலிருந்து விழுந்த தொழிலாளியை இந்த மூலிகைதான் பிழைக்க வைத்தது, பெயரும் அதனால்தான் வந்தது என்று பல மூலிகைப் புத்தகங்கள் எழுதுகின்றன. மூலத்தைத் தேடிப் போனால் புளூட்டார்க்கின் பெரிக்ளிஸ் வரலாற்றில் ஒருவர் விழுகிறார். அவர் விழுவது அக்ரோபொலிஸின் நுழைவாயில் கட்டுமானத்தில். அதீனா தேவி பெரிக்ளிஸின் கனவில் வந்து சிகிச்சை சொல்கிறாள்; மூலிகையின் பெயர் அங்கே இல்லை. மூலிகையைச் சேர்த்துச் சொல்பவர் ரோமானியரான பிளினி. ஆனால் அந்தச் செடிக்கு அவர் தரும் மற்றப் பெயர்கள் சுவர்களில் முளைக்கும் வேறொரு செடியையே காட்டுகின்றன. பழமை என்ற சான்றின் முதல் கல்லே இப்படி ஆட்டம் காண்கிறது.

இங்கிலாந்தின் நூல்களில் அடையாளம் தெளிவாகிறது. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் ஏழைகளுக்காக ஆங்கிலத்தில் மருத்துவம் எழுதிய நிக்கலஸ் கல்பெப்பர் இதைப் பெண்களின் மூலிகை என்றே பார்க்கிறார். ஒயினில் காய்ச்சிக் கொடுத்தால் தடைப்பட்ட மாதவிலக்கு வரும், பிள்ளை பெற்ற பின் தங்கிவிட்ட நஞ்சுக்கொடி வெளியேறும் என்கிறார். கிராமத்து மருத்துவச்சிகளின் கையிருப்பில் இது இருந்ததற்கு அதுவே காரணம். மறு நூற்றாண்டில் ஜான் ஹில், மிக மோசமான தலைவலிக்கு இதை மிஞ்சியது தமக்குத் தெரிந்து இல்லை என்று எழுதினார். பிறகு இந்தத் தலைவலிப் பயன்பாடு நாட்டுப்புற வழக்கில் மட்டும் மெலிதாக ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவர்கள் மறந்துபோனார்கள்.

அதை மீட்டது 1970-களில் வேல்ஸில் வாழ்ந்த ஒரு பெண்மணியின் அனுபவம். இளவயது முதல் ஒற்றைத் தலைவலியால் அவதிப்பட்டவர் அவர். தினமும் சில பச்சை இலைகளைத் தின்னத் தொடங்கி, மாதக்கணக்கில் விடாமல் தொடர்ந்ததில் தலைவலி அற்றுப்போனதாகச் சொன்னார். செய்தி பத்திரிகைகளில் வந்தது. பிரிட்டன் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் தோட்டத்தில் செடி வைத்து இலை தின்னத் தொடங்கினார்கள். கசப்புத் தாங்காமல் இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வைத்துத் தின்பது வழக்கமாயிற்று. லண்டன் நகர ஒற்றைத் தலைவலி மருத்துவமனையில் பணிபுரிந்த டாக்டர் ஸ்டூவர்ட் ஜான்சன் இந்த மக்கள் வழக்கத்தை ஒதுக்காமல் ஆராய முன்வந்தார். மூலிகை ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்வு இது. நோயாளிகள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை ஒரு மருத்துவர் மதித்து, அதே நேரத்தில் நம்பிவிடாமல், சோதனைக்கு எடுத்துக்கொண்டார்.

1985-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவரும் சகாக்களும் வெளியிட்ட சோதனையின் அமைப்பு விசித்திரமானது. அதில் பங்கேற்ற 17 பேருமே முன்பிருந்தே தினமும் பச்சை இலை தின்றுவந்தவர்கள். அவர்களில் எட்டுப் பேருக்கு உறையவைத்து உலர்த்திய இலைப்பொடி, நாளுக்கு 50 மில்லிகிராம். ஒன்பது பேருக்கு மருந்தில்லாத போலிக் குளிகை. யாருக்கு எது என்பது யாருக்கும் தெரியாது. பொடி கிடைத்தவர்கள் முன்போலவே இருந்தார்கள். போலி கிடைத்தவர்களுக்குத் தலைவலி அடிக்கடி, கடுமையாக, வாந்தியோடு திரும்பியது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு இது சான்றா, பழகிய ஒன்றைத் திடீரென்று நிறுத்தியதன் எதிர்வினையா என்பதை இந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. மேலும் இலை பலன் தருவதாக நம்பித் தொடர்ந்தவர்களே இதில் இடம்பெற்றார்கள்; பலன் இல்லையென்று விட்டவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

1988-இல் நாட்டிங்ஹாம் ஆய்வாளர்கள் லான்செட் இதழில் வெளியிட்டது இன்னும் உறுதியான சோதனை. 72 பேர் சேர்ந்தார்கள். நான்கு மாதம் உலர் இலைக் குளிகை, நான்கு மாதம் போலி, வரிசையை மாற்றி மாற்றி. உலர் இலை சாப்பிட்ட மாதங்களில் தலைவலி வந்த தடவைகள் 24 சதவீதம் குறைந்தன, வாந்தியும் குறைந்தது. ஆனால் வந்துவிட்ட தலைவலி நீடிக்கும் நேரம் குறையவில்லை. இந்தக் கடைசி விவரம் முக்கியமானது. தலை தெறிக்கும் நேரத்தில் குடித்து நிவாரணம் பெறும் மருந்து அல்ல இது. வாரக்கணக்கில் தினமும் எடுத்து, அடுத்தடுத்த தாக்குதல்களைக் குறைக்கப் பார்க்கும் முறை.

பின் வந்த முடிவுகள் ஒரே திசையில் போகவில்லை. 1996-இல் நெதர்லாந்தில் 50 பேரிடம் நடந்த சோதனையில் ஆல்கஹாலில் எடுத்த சாறு போலியைவிட மேலாக எதுவும் செய்யவில்லை. 2005-இல் 170 பேரிடம் நடந்த ஜெர்மன் சோதனை கரியமில வாயுவால் பிரித்தெடுத்த வேறொரு சாற்றை வைத்தது. மாதத்துக்குச் சராசரியாக 4.8 தாக்குதல்கள் இருந்தவர்களுக்கு மருந்தால் 1.9 குறைந்தது, போலியால் 1.3 குறைந்தது. இடைவெளி 0.6. எல்லாச் சோதனைகளையும் கூட்டி மதிப்பிட்ட காக்ரேன் குழு, 2015-இல் ஆறு சோதனைகளையும் 561 நோயாளிகளையும் எடுத்துக்கொண்டது. பலன் இருக்கலாம், சிறியது, சான்றின் தரம் தாழ்ந்தது என்று முடித்தது. மூட்டுவாதத்துக்கு இதே இலையை வைத்து 1989-இல் சுமார் 40 பெண்களிடம் ஆறு வாரம் நடத்திய சோதனையில் பலன் தென்படவில்லை. இன்றும் மூட்டுவலிக்கு நல்லது என்று விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

மாதத்துக்கு அரைத் தாக்குதல் குறைவது அற்பமா? ஒற்றைத் தலைவலி வந்தவர்களைக் கேட்டால் அப்படிச் சொல்லமாட்டார்கள். இருட்டறையில் கழியும் ஒரு நாள் மிஞ்சினாலும் அது பெரிதுதான். ஆனால் அந்த எண்ணுக்கு உரியது ஒரு குறிப்பிட்ட சாறு. கோப்பைத் தேநீர் அல்ல.

இங்கே வேதியியல் வருகிறது. இலையின் மேற்பரப்பிலும் பூத்தலையிலும் உள்ள நுண்ணிய சுரப்பி மயிர்களில் பார்த்தெனோலைடு என்ற பொருள் சேர்கிறது. தண்டில் மிகக் குறைவு. இது உடலின் புரதங்களில் உள்ள கந்தகக் குழுக்களோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளை அடக்குவதாகவும், ரத்தத் தட்டணுக்களிலிருந்து செரட்டோனின் வெளிப்படுவதைக் குறைப்பதாகவும் ஆய்வகத்தில் தெரிந்தது. 2013-இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் ஆய்வாளர்கள், வலியை உணரும் நரம்பு முனைகளின் ஒரு வாயிலை அது முதலில் தூண்டி, பிறகு மரக்கச் செய்கிறது என்று காட்டினார்கள். தினமும், நெடுநாள் எடுத்தால்தான் பலன் என்ற மக்கள் அனுபவத்துக்கு இது பொருந்திவருகிறது.

இந்த மூலக்கூறின் வரலாற்றில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, பின் மும்பை கோரேகாவில் சீபா ஆராய்ச்சி மையத்தை வழிநடத்திய டி.ஆர். கோவிந்தாச்சாரி, தம் சகாக்கள் ஜோஷி, காமத் ஆகியோருடன் பார்த்தெனோலைடின் கட்டமைப்பை ஆராய்ந்து 1965-இல் வெளியிட்டார். அவர்கள் அதைப் பிரித்தெடுத்தது ஃபீவர்ஃபியூவிலிருந்து அல்ல, நம் செண்பக மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து. ஒரே பொருள் இரு வேறு குடும்பச் செடிகளில் இருக்கிறது. அதனால் செண்பக வேர் தலைவலிக்கு மருந்தாகிவிடாது. அந்தப் பொருளோடு வேறென்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பவைதான் மருந்தையும் நஞ்சையும் தீர்மானிக்கின்றன. நெதர்லாந்துச் சோதனையின் சாற்றிலும் பார்த்தெனோலைடு அளவாகவே இருந்தது, பலன் மட்டும் இல்லை. ஆகவே அந்த ஒரு பொருளே முழு விடை என்று சொல்வதற்கும் இல்லை.

ஆயினும் தரத்தை அளக்க இப்போதைக்கு அதுதான் கையில் உள்ள கோல். உலர் செடியில் குறைந்தது 0.2 சதவீதம் பார்த்தெனோலைடு இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்துத் தரநூல் கேட்கிறது. கடைச்சரக்கு அதைக் காப்பாற்றுகிறதா? அமெரிக்காவில் விற்பனையான தயாரிப்புகளைச் சோதித்து 2002-இல் வெளிவந்த ஆய்வில், உறையில் சொன்னபடி சாப்பிட்டால் ஒரு நாளில் உள்ளே போகும் பார்த்தெனோலைடு, தயாரிப்புக்குத் தயாரிப்பு 160 மடங்கு வரை வேறுபட்டது. மெக்சிகோவில் வளரும் இதே இனச் செடிகள் சிலவற்றில் அந்தப் பொருளே இல்லாமல் வேறு லாக்டோன்கள் இருப்பதும் தெரிந்ததே. உலர்ந்த இலை அலமாரியில் கிடக்கக் கிடக்க அதில் இருப்பதும் குறைகிறது.

வீட்டில் செடி வளர்ப்பவர்களுக்கு இதிலிருந்து சில நடைமுறைகள் கிடைக்கின்றன. பூக்கத் தொடங்கும் பருவத்தில், பனி காய்ந்த பின், மருந்து தெளிக்காத செடியிலிருந்து இலைகளையும் பூத்தலைகளையும் மட்டும் எடுக்க வேண்டும். சீமைச்சாமந்தியோடு குழம்பாமலிருக்க இலையைப் பார்த்தால் போதும்: அதற்கு நூல் நூலாகப் பிரிந்த இலை, இதற்கு அகல மடல். கழுவினால் ஈரம் முழுவதும் வடிய வேண்டும். வெயிலில் போடாமல், காற்றோட்டமான நிழலில், ஒன்றன்மேல் ஒன்று படியாதபடி மெல்லிய பரப்பாக உலர்த்தலாம். சூடு தேவைப்பட்டால் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. விரலில் நொறுங்கும் பதம் வந்ததும், தூளாக்காமல் முழு இலையாகவே காற்றுப்புகாத கண்ணாடிப் புட்டியில், வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். தூளாக்கிவிட்டால் காற்றுப் படும் பரப்பு பெருகிச் சரக்கு சீக்கிரம் கெடும். புட்டியில் செடியின் பெயரும் உலர்த்திய தேதியும் இருக்கட்டும். ஓர் ஆண்டைத் தாண்டியதையும், மணம் போனதையும், பூஞ்சை நெடி அடிப்பதையும் கொட்டிவிடலாம். கையாளும்போது கையுறையும், பொடிக்கும்போது மூக்கை மறைக்கும் துணியும் தேவை. அந்தத் தூசியே சிலருக்குத் தோலில் அழற்சியைக் கிளப்பும்.

அளவுதான் சிக்கலான இடம். நம் வைத்தியத்தில் சூரணத்தை வெருகடி அளவு எடுக்கிறோம். அதாவது விரல்நுனிகளால் அள்ளும் அளவு. ஃபீவர்ஃபியூவில் அந்தக் கணக்கு கூடாது. 100 மில்லிகிராம் என்பது கண்ணுக்கு ஒரு சிட்டிகைகூட இல்லை. சமையலறைத் தராசு அதைக் காட்டாது. ஆகவே உலர் பொடியாக எடுக்க நினைப்பவருக்கு, அளவும் தரமும் குறித்த குளிகையே வீட்டுப் பொடியைவிடப் பாதுகாப்பு. மூலிகைமேல் அன்புள்ளவர்களுக்கு இது கசக்கலாம். ஆனால் இங்கே வீட்டுத் தயாரிப்பு அளவறியாத் தயாரிப்பு.

தேநீரின் நிலை இன்னும் மங்கல். பார்த்தெனோலைடு தண்ணீரில் எளிதில் கரையாது. கொதிநீரில் ஊறவைத்தால் கோப்பைக்குள் எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு சக்கையில் தங்குகிறது என்பது இலைக்கு இலை மாறும். நான் மேலே சொன்ன தலைவலிச் சோதனைகளில் ஒன்றுகூடத் தேநீரை வைத்து நடந்ததல்ல. மரபில் தேநீரும் கஷாயமும் பெரும்பாலும் மாதவிலக்குக்கும் சளிக்கும் வயிற்றுக்கும் கொடுக்கப்பட்டவை. தலைவலிச் சான்று பொடிக்கும் சாற்றுக்கும் உரியது. அதைத் தேநீர்ப் பொட்டலத்தின்மேல் அச்சிடுவது நேர்மையல்ல. காய்ச்சலுக்கு என்று பெயரிலேயே சொல்லியிருப்பதால் காய்ச்சல் நாளில் காய்ச்சிக் குடிப்பதும் வேண்டாம். டெங்குக் காலத்தில் தட்டணுக்களோடு தொடர்புள்ள எதையும் தானாக எடுப்பது ஆபத்து.

யார் தொடவே கூடாது என்பதைப் பழைய நூல்களே சொல்கின்றன, படிக்க வேண்டிய விதத்தில் படித்தால். மாதவிலக்கைத் தூண்டும், நஞ்சுக்கொடியை வெளியேற்றும் என்று கல்பெப்பர் பாராட்டியது, கருவுற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுவோருக்கும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும் இது வேண்டாம் என்பதே ஐரோப்பிய முகமையின் நிலைப்பாடு. வார்ஃபரின், ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை எடுப்பவர்களும், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது. பச்சை இலை மெல்பவர்களில் பத்தில் ஒருவருக்கு வாய்ப்புண் வந்ததாக ஜான்சனின் கணக்கெடுப்பு காட்டியது. நாக்கு எரிச்சலும் உதடு வீக்கமும் சிலருக்கு வந்தன.

தமிழ்நாட்டு வாசகருக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். வயல் வரப்பிலும் ரயில் பாதையோரமும் வெள்ளைப் பூவோடு நிற்கும் பார்த்தீனியம், அமெரிக்காவிலிருந்து வந்து 1950-களின் நடுவில் புனேயில் முதலில் கவனிக்கப்பட்டு நாடெங்கும் பரவிய நச்சுக்களை. அதுவும் ஃபீவர்ஃபியூவும் வேறு வேறு பேரினங்கள். ஆனால் ஒன்றின் முதற்பெயர் மற்றதன் கடைப்பெயர். அமெரிக்க வழக்கில் அந்தக் களைக்கும் ஃபீவர்ஃபியூ சேர்ந்த பெயர் ஒன்று உண்டு. பெயரை வைத்துத் தேடி அந்தக் களையைப் பறித்துக் காய்ச்சிவிடும் ஆபத்து கற்பனையல்ல. அடுத்தது ஒவ்வாமை. இரண்டும் ஒரே குடும்பம். இரண்டிலும் தோலைத் தாக்கும் ஒரே வகை லாக்டோன்கள் உண்டு. பார்த்தீனியத்தால் முகத்திலும் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் அரிப்புத் தடிப்பு வந்த விவசாயிகளும், சாமந்தி கட்டும்போது கை வெடிக்கும் பூத்தொடுப்பவர்களும் நம்மிடையே நிறையப் பேர். அவர்களுக்கு இந்த இலை, தேநீராகவும் குளிகையாகவும்கூட, ஏற்றதல்ல.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் எடுத்துப் பார்க்க விரும்பினால், முதல் வேலை அந்தத் தலைவலி ஒற்றைத் தலைவலிதான் என்று மருத்துவரிடம் உறுதி செய்துகொள்வது. திடீரென்று இடிபோல் வந்த தலைவலி, பேச்சுக் குழறல், கைகால் பலவீனம், ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கியது, காய்ச்சலும் கழுத்து இறுக்கமும் சேர்ந்தது ஆகிய எதற்கும் மூலிகையைத் தேடி நேரம் போக்கக் கூடாது. தொடங்குமுன் ஒரு மாதம் தாக்குதல்களைத் தேதியோடு குறித்துவைத்தால், பின்னர் பலன் உண்டா இல்லையா என்பதை நினைவை நம்பாமல் சொல்லலாம். இரண்டு மாதத்தில் மாற்றமில்லையெனில் தொடர்வதில் பொருளில்லை. நிறுத்தும்போதும் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது: நெடுங்காலம் எடுத்துத் திடீரென்று விட்டவர்களில் சிலருக்குத் தலைவலி மும்முரமாகத் திரும்பியது, தூக்கம் கெட்டது, மூட்டுகள் இறுகின என்று ஜான்சன் பதிவு செய்திருக்கிறார். சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அந்த வாரங்களிலும் தேதிக் குறிப்பைத் தொடர வேண்டும்.